முறை வைத்துச் சென்ற ஊழியம்

தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் 'குறுகிய கால ஊழியப் பயணம்' என்று வழங்குவது, ஒரே சபையையோ கல்லூரியையோ சேர்ந்த நண்பர்கள் சிலர் வீட்டையும் வேலையையும் சில நாட்களுக்கு விட்டுவிட்டு, வேறோர் ஊரில் தங்கி, அங்குள்ள சபைக்குத் துணையாகச் சிறுவர் வகுப்பு நடத்துவது, வீடு வீடாகச் சென்று பேசுவது, நோயுற்றோரைப் பார்ப்பது முதலிய பணிகளைச் செய்துவிட்டுத் திரும்புவதைக் குறிக்கும். இது மேற்கிலிருந்து அண்மையில் வந்த வழக்கம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் ஜார்ஜ் வெர்வர் என்னும் அமெரிக்க மாணவர் தம் நண்பர்கள் இருவருடன் பழைய வண்டி ஒன்றில் ஸ்பானிய மொழி நற்செய்தி நூல்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குச் சென்றதும், அதிலிருந்து 'ஆபரேஷன் மொபிலைசேஷன்' என்னும் உலகளாவிய இயக்கம் வளர்ந்ததும் அவ்வெண்ணத்துக்கு வலுச் சேர்த்தன. ஆயினும் அதற்கு நூறாண்டுக்கு முன்னரே, இன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி என்று அறியப்படும் வட்டாரத்தில், தமிழ் உபதேசியார்கள் அத்தகைய பயணத்தை ஒழுங்கான ஏற்பாடாகவே நடத்திக் காட்டியுள்ளனர்.

அவ்வட்டாரம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது; 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்கும், 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கும் அது மாறியது. தென் திருநெல்வேலியில் சபைகள் ஊர்தோறும் வேரூன்றியிருந்த காலத்தில், வடக்கே இருந்த நூற்றுக்கணக்கான ஊர்களில் கிறித்தவம் பெயரளவுக்குக்கூட அறியப்படாமல் இருந்தது. 1799-இல் இங்கிலாந்தில் தோன்றிய சர்ச் மிஷனரி சங்கத்தின் சென்னைச் செயலாளராக இருந்த தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்னும் கேம்பிரிட்ஜ் கல்லூரி உறுப்பினர், மேசைப் பணியை விட்டுவிட்டு, டேவிட் ஃபென், ராபர்ட் ரூக் மெடோஸ் என்னும் இரு தோழர்களுடன் 1854-இல் அங்கே கூடாரம் அடித்தார். பங்களாவும் பள்ளிக்கூடமும் கட்டி ஓரிடத்தில் அமர்வதே மிஷனரிகளின் நடைமுறையாக இருந்த நாளில், இம்மூவரும் வீடின்றிக் கூடாரத்தையே வீடாகக் கொண்டு, ஓரிடத்தில் சில நாட்கள் தங்கிச் சுற்றுப்புற ஊர்களைப் பார்த்து முடித்ததும் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தனர். நண்பர்களாகச் சேர்ந்து செல்லும் ஊழியத்துக்குத் தமிழ் மண்ணில் இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடைப்பது அரிது.

எனினும் இதில் உண்மையான புதுமை ஆங்கிலேயர் மூவரின் கூடாரத்தில் இல்லை. தெற்கிலிருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை, அதாவது குருப்பட்டம் பெறாமல் ஊரில் ஜெபம் நடத்தியும் எழுத்தறிவித்தும் வந்த உள்ளூர்ப் பணியாளர்களை, முறை வைத்து ஒரு மாதத்துக்கு வடக்கே அனுப்பின. ஒருவர் மாதம் முடிந்து திரும்பும்போது வேறொருவர் புறப்பட்டு வந்தார். அவர்களுடைய செலவைத் தாங்கியதில் அனுப்பிய சபையாருக்கும் பங்கிருந்தது. கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. தன் முறை வரும்போது மடையைத் திறப்பவருக்கு அந்தத் தண்ணீர் தமக்கு முன்பும் ஓடியது, தமக்குப் பின்பும் ஓடும் என்பது தெரியும். கண்மாயைத் தாமே வெட்டியதாக அவர் நினைப்பதில்லை. இன்றைய குழுக்களில் பலவற்றுக்கு இல்லாமற்போனது இந்த நினைப்புத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பத்து நாளில் ஓர் ஊரை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தோடு புறப்படும் குழு, அந்த ஊரில் இருபது ஆண்டுகளாக இருக்கும் உபதேசியாரைத் தன் நிகழ்ச்சிக்குப் பந்தல் போட்டுத் தருபவராக மட்டுமே பார்க்கிறது.

ஆகவே ஆயத்தத்தின் முதற்படி பை கட்டுவதன்று; அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதாகும். ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் உள்ள வன்னியம்பட்டி விலக்கில் பேருந்தை விட்டு இறங்கும் ஒரு குழுவை எடுத்துக்கொண்டால், அது எந்தச் சேகரத்தின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள பல சபைகளின் தொகுதியின், அழைப்பின்பேரில் வந்திருக்கிறது, அந்தச் சேகரகுரு கேட்டது என்ன, குழு திரும்பிய பின் தொடர்ந்து பார்க்கப்போவது யார் என்ற மூன்றுக்கும் விடை எழுத்தில் இருந்தால் பாதி ஆயத்தம் முடிந்துவிட்டது எனலாம். அப்பகுதியில் ஆலைகளில் சுழல்முறை வேலைக்குச் செல்வோரும், நூறு நாள் வேலைக்கும் காட்டு வேலைக்கும் விடியலிலேயே கிளம்புவோரும் மிகுதியாதலால், காலை பத்து மணிக்கு வீடு சந்திக்கச் செல்பவர்களை வரவேற்பது பூட்டிய கதவுதான். எந்தத் தெருவில் எந்நேரம் ஆள் இருப்பார்கள் என்பதைச் சொல்ல உள்ளூர்க்காரரால் மட்டுமே முடியும்.

அடுத்தது மொழி. தமிழர் தமிழரிடம் செல்லும்போது மொழிப் பயிற்சி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் சபைத் தமிழ் தனியொரு தமிழ். இரட்சிப்பு, அபிஷேகம், ஸ்தோத்திரம், சாட்சி போன்ற சொற்களைச் சபைக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் பொருள் கேளாமலே புழங்குவர். வெளியே நிற்பவருக்குச் சாட்சி என்றால் நீதிமன்றமும் பத்திரப்பதிவு அலுவலகமுமே நினைவுக்கு வரும். ஊழியம் என்ற சொல்லே சிந்திக்கத்தக்கது: தென் திருவிதாங்கூரில் அது அரசுக்கும் மேல்சாதியாருக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது; அதே சொல்லைக் கிறித்தவர்கள் விருப்பத்தோடு ஏற்கும் தொண்டுக்குப் பெயராக்கிக்கொண்டனர். புறப்படுமுன் நண்பர்கள் ஒருவர் எதிரில் ஒருவர் அமர்ந்து, சபைச் சொல் ஒன்றுகூட இல்லாமல் தம் நம்பிக்கையை ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பது நல்ல பயிற்சி. பெரும்பாலோர் இரண்டாம் நிமிடத்திலேயே தடுமாறுவர். ராஜபாளையம் வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உள்ளன என்பதும் வெளியூரார் அறிந்து செல்லவேண்டிய செய்தி. மிஷனரியும் மொழியறிஞருமான கால்டுவெல் 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகத் திருநெல்வேலிக்கு நடந்தே சென்றதற்கு ஒரு காரணம், மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் வழியிலேயே கற்றுக்கொள்ள விரும்பியதாகும். அவ்வளவு தொலைவு நடக்க முடியாதவர்கள், விலக்கிலுள்ள தேநீர்க் கடையில் ஒரு மணி நேரமாவது வாய் திறவாமல் அமர்ந்து கேட்கலாம்.

தென் மாவட்டங்களில் இவற்றையெல்லாம்விட நுட்பமானது தெருவும் தண்ணீரும். ஊருக்குள் நுழையும் அயலார் முதலில் எந்தத் தெருவுக்குச் சென்றனர், யார் வீட்டில் தங்கினர், யார் கொடுத்த செம்பில் தண்ணீர் குடித்தனர் என்பவற்றைக் கொண்டே அவர்கள் யார் என்பதை ஊர் தீர்மானித்துக்கொள்கிறது. வெயிலில் வந்தவருக்கு ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவர் செம்பை நீட்டி, "தண்ணி குடிங்க தம்பி" என்கிறார். வந்த இளைஞர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதென்று அஞ்சி, தோள்பையிலிருந்து பாட்டிலை எடுக்கிறார். அவர் மனத்தில் இருப்பது கிருமி பற்றிய அச்சம். பெரியம்மா காண்பதோ தலைமுறை தலைமுறையாகத் தம் தெருவார் கண்ட விலக்கம். அதன்பின் அந்த வாசலில் சமத்துவத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எடுபடாது. லூக்கா எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பும்போது, பணப்பையும் மிதியடியும் கொண்டுபோக வேண்டாமென்றும், முன்னே வைக்கப்படுவதை உண்ணவேண்டுமென்றும் சொன்னதாகக் காணப்படும் அறிவுரை, எளிமையைப் பற்றியது மட்டுமன்று; விருந்தாளி வீட்டாரை நம்பி நிற்கவேண்டும் என்பதும் அதில் அடங்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோ கருப்பட்டிக் காப்பியோ கேட்டு வாங்கிக் குடிப்பதில் உடலுக்கும் கேடில்லை, உறவுக்கும் கேடில்லை. குழுவிலுள்ளோர் அனைவரும் ஒரே சாதியினராக அமைந்துவிட்டால் ஊர் அதையும் கவனிக்கும். நண்பர் வட்டம் எப்படி அமைந்தது என்ற சங்கடமான கேள்வியைப் புறப்படுமுன் தம்முள் கேட்டுக்கொள்வது நேர்மையாக இருக்கும்.

மிஷனரியான எமி கார்மைக்கேல் அம்மையார் டோனாவூரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்குமுன், பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களுடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அப்பெண்கள் தம் நகைகளைக் கழற்றிவிட்டுச் சென்றது அந்நாளில் உறவினரிடையே பெரும் மனத்தாங்கலை உண்டாக்கியது. ஆயத்தம் என்பது சில சமயம் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைக் கழற்றி வைப்பது என்பதாகவும் அமைகிறது. இன்றைக்கு அந்த இடத்தில் நகையைவிடக் கைப்பேசிக் கேமராவே முதலில் நினைவுக்கு வருகிறது.

சட்டத்தைப் பற்றிய அறிவும் ஆயத்தத்தில் சேரும். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977-இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. வேறு பல மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளமையால், வட மாநிலங்களுக்குச் செல்லும் குழுக்கள் அந்தந்த மாநிலத்தின் விதிகளைத் தெரிந்துகொண்டே பயணச்சீட்டு எடுக்கவேண்டும். சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டு நண்பர்கள் மதப்பணியில் ஈடுபடக் கூடாது. அதற்குரிய விசா வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் பளியர் குடியிருப்புகள் சில காப்புக்காட்டுக்குள் இருப்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையேற நினைப்போர் வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைக்கலாகாது. 2018-இல் நற்செய்தி அறிவிக்க அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குச் சென்று உயிரிழந்த ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் மொழியியலும் முதலுதவியும் பயின்று ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்தவரே. அத்தீவினர் அயலாரை விரும்பவில்லை என்பதையும், அயலாரின் நோய் அவர்களை அழித்துவிடலாம் என்பதையும் அறிந்திருந்தும் அவர் பயணத்தைக் கைவிடவில்லை.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பொறுத்தவரை, ஆடல் பாடல்களை விடவும் பெற்றோரின் ஒப்புதலே முதன்மையானது. பிற சமயத்துப் பிள்ளைகள் பாட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் ஆர்வத்தோடு ஓடிவருவர். என்ன நடக்கிறது என்று அறியாமல் பிள்ளையை அனுப்பிய தாய் மறுநாள் வருத்தப்படுவாரானால், அது பள்ளியின் பிழையே. எந்தச் சிறுவருடனும் பெரியவர் ஒருவர் தனித்திருத்தல் கூடாது, படம் எடுத்து முகநூலில் இடுதல் கூடாது என்ற இரண்டையும் குழுவில் ஒருவர் பொறுப்பேற்றுக் கவனித்தல் வேண்டும்.

பணமும் பையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச், கொசுவலை, இரண்டு செட் பருத்தி உடை, ஒவ்வொருவரின் இரத்தவகையும் வீட்டு எண்ணும் எழுதிய தாள் ஆகியவை போதும். நெல்லைச் சபைகளில் பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுத்த வழக்கமும், 1903 பிப்ரவரி 12-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் அயல்நாட்டுப் பணத்தை நாடாமல் தொர்ணக்கல்லுக்குத் தன் பணியாளர்களை அனுப்பியதும், செலவைப் பகிர்வதே பொறுப்பைப் பகிர்வதாகும் என்ற எண்ணத்தின் விளைவுகள். செல்வர் ஒருவர் முழுச்செலவையும் ஏற்கும் பயணத்தைவிட, நாற்பது வீட்டார் ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பும் பயணம் திரும்பிவந்து கணக்குச் சொல்ல மிகுதியாகக் கடமைப்பட்டிருக்கிறது.

ராக்லண்ட் 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் இறந்தார். நான்கரை ஆண்டுக் கூடார வாழ்வில் எண்ணிக்கையாகக் காட்டத்தக்க பலன் மிகக் குறைவு. ஆனால் தெற்கிலிருந்து வந்த உபதேசியார்களின் முறை அவருடன் முடிந்துவிடவில்லை. அவர்கள் மாதக் கடைசியில் விட்டுச்சென்ற செய்திகளை, எந்த ஊரில் யார் நின்று கேட்டார்கள், யார் கோபப்பட்டார்கள், எந்தக் கிணற்றடியில் நிழல் உண்டு என்பவற்றை, அடுத்து வந்தவர் பெற்றுக்கொண்டே தம் நடையைத் தொடங்கவேண்டியிருந்தது. இன்றைய குழுவுக்கும் கடைசி நாளின் வேலை அதுவே: வாங்கிய பாயும் குடமும் உரியவரிடம் திரும்பிவிட்டனவா என்று பார்த்து, சந்தித்த வீடுகளையும், கேட்ட துயரங்களையும், கொடுத்த வாக்குகளையும் எழுதிய நோட்டை உபதேசியாரின் கையில் ஒப்படைத்துவிட்டு, விலக்கில் பேருந்துக்கு நிற்பது.