எப்பிராத்தாவின் நள்ளிரவு மன்றாட்டு: மறைஞானமும் உழைப்பும்

சமயச் சடங்குகளை ஆராயப் புகுவோர் இருவகைத் தவறுகளுள் ஒன்றுக்கு ஆளாவதுண்டு. ஒருசாரார் அவற்றைக் காலங்கடந்த ஆன்மிக அனுபவமாகவே காண்பர். மறுசாரார் ‘மயக்கம்’ என்னும் ஒரு சொல்லோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்வர். பின்னைய தவறு முற்போக்காளரிடையே அடிக்கடி நிகழ்வது. ஆனால், ஜேர்மானிய விவசாயிகள் போரைப் பற்றி 1850 இல் எழுதிய ஏங்கெல்ஸ், மறைஞானத்தை நிலமானியத்துக்கு எதிரான எதிர்ப்பின் வடிவங்களுள் ஒன்றாகவே கொண்டார். அப்பார்வையை அடியொற்றி, எப்பிராத்தா மடத்தின் அன்றாட மன்றாட்டு ஒழுங்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடத்தை நிறுவிய கொன்ராட் பைசல் 1691 இல் தென்மேற்கு ஜேர்மனியின் எபர்பாக்கில் பிறந்தவர். பெற்றோரை இளமையிலேயே இழந்து, ரொட்டி சுடும் தொழில் பயின்றவர். முப்பதாண்டுப் போரும், பின்னர் பதினான்காம் லூயியின் படையெடுப்பும் அப்பகுதியைப் பாழாக்கியிருந்தன. அரசாங்கத் திருச்சபைகளின்பால் நம்பிக்கை இழந்த கைவினைஞரும் குடியானவரும் இரகசியப் பக்திக் குழுக்களில் ஒன்றுகூடினர். அக்குழுக்களிடையே யேக்கப் போமேயின் நூல்கள் பயிலப்பட்டன. போமேயும் ஒரு செருப்புத் தொழிலாளியே என்பது மனங்கொள்ளத்தக்கது. குழுத் தொடர்பினால் நாடுகடத்தப்பட்ட பைசல் 1720 இல் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1732 இல் கொக்கலிக்கோ ஓடையருகே குடியேறினார். பெத்லெகேமின் பழைய பெயரே மடத்துக்குச் சூட்டப்பட்டது. துறவு பூண்ட சகோதரர், சகோதரிகள், அவர்களைச் சூழ வாழ்ந்த இல்லறத்தார் என மூன்று பிரிவினர் அங்கிருந்தனர். 1750 ஆம் ஆண்டளவில் இவர்களின் தொகை ஏறத்தாழ 300.

துறவியரின் நாள் ஒழுங்கை நோக்குவோம். காலை 5 மணிக்கு எழுந்து ஒருமணி நேரத் தனிமன்றாட்டு, 6 முதல் 9 வரை வேலை, மீண்டும் ஒருமணி நேர மன்றாட்டு, 10 முதல் 1 வரை வேலை, மன்றாட்டு, 2 முதல் 5 வரை வேலை, மன்றாட்டு. 6 மணிக்கு நாளின் ஒரே உணவு. இரவு 9 மணிவரை கல்வியும் பாடற்பயிற்சியும். பின்னர் மூன்று மணிநேரத் துயில். நள்ளிரவில் எழுந்து, 2 மணிவரை கூட்டு வழிபாடு. அதன்பின் 5 மணிவரை மீண்டும் துயில். கூட்டினால் உழைப்பு 9 மணி, மன்றாட்டு 6 மணி, துயில் 6 மணி. படுக்கையோ ஒடுங்கிய பலகை. தலையணை ஒரு மரக்கட்டை.

நள்ளிரவு விழிப்புக்கு வேதாகமத்தின் பத்துக் கன்னிகைகள் உவமை அடிப்படையாகும்: மணவாளன் நடுராத்திரியில் வருவான். இதற்குப் போமேயின் தத்துவம் மறைபொருள் ஒன்றை அளித்தது. ஆதி மனிதன் ஆண், பெண் என்ற பிளவற்றவன்; சோபியா என்னும் தெய்வீக ஞானத்தை இழந்தபோதே அப்பிளவு நேர்ந்தது. துறவும் விழிப்பும் அந்த ஞானத்தோடு மீண்டும் இணைவதற்கான வழிகள். இத்தத்துவம் பெண்களுக்கு மெய்யான ஓர் இடத்தைத் திறந்துவிட்டது. தந்தையின் வீட்டிலிருந்து கணவனின் வீட்டுக்கு மாறுவதே வாழ்வாயிருந்த காலத்தில், சகோதரிகள் தமக்கெனத் தனி மடமும் தலைவியும் கொண்டிருந்தனர். 1746 ஆம் ஆண்டின் இசைக் கையெழுத்துச் சுவடியொன்றில் பாடல்களுக்கு இசையமைத்தோராகச் சகோதரிகளின் பெயர்களும் காணப்படுகின்றன.

எனினும் இவ்வாழ்வை இலட்சியப்படுத்துதல் பொருந்தாது. பைசல் வகுத்த இசை முறையிலே, அடிப்படைச் சுரக்கூட்டின் சுரங்கள் ‘எசமானர்’, ஏனையவை ‘ஊழியர்’. ஊழியரற்ற சமூகத்தைத் தேடிக் கடல்கடந்தவர், இசையிலக்கணத்திலே பழைய சமூகத்தின் படிநிலையை மீண்டும் எழுதிவைத்தார். சித்தாந்தம் செயற்படும் விதம் இதுவே.

மேலும் கூர்மையான முரண்பாடு பொருளாதாரத்தில் வெளிப்பட்டது. மாவாலை, மரம் அரியும் ஆலை, எண்ணெய் ஆலை, காகித ஆலை என மடம் வளர்ந்தது. ஜேர்மன் மொழியில் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ எனும் பெருநூலை, மெனோனைற்றுகளுக்காக, 15 பேர் மூன்றாண்டுகள் உழைத்து 1748-49 இல் அச்சிட்டனர். ஏறத்தாழ 1500 பக்கங்கள். கூலியற்ற துறவியரின் உழைப்பு சந்தையிலே பண்டமாகிக்கொண்டிருந்தது. ஆலைகளைப் பெருக்கிய தலைமைச் சகோதரர் இஸ்ரவேல் எக்கர்லிங் 1745 இல் வெளியேற்றப்பட்டார். அவருடைய சமயப் பெயர் பொறிக்கப்பட்டு ஐரோப்பாவிலிருந்து வந்த மணி விற்கப்பட்டது. இதனைத் தனிமனிதரிடையேயான பிணக்காக மட்டும் காண்பது போதாது. மன்றாட்டின் நேரமும் இலாபத்தின் நேரமும் ஒரே நாளுக்குள் மோதிய மோதல் அது. பைசல் வென்றார், ஆனால் சந்தையை வெல்லும் வழியை அவர் அறிந்திருக்கவில்லை, அதிலிருந்து விலகும் வழியையே அறிந்திருந்தார்.

1768 இல் பைசல் மறைந்தார். துறவிகளுக்கு வாரிசுகள் இல்லை. இறுதித் துறவி 1813 இல் இறந்தார். இன்று அக்கட்டடங்கள் அரசின் அரும்பொருளகமாக உள்ளன.

எப்பிராத்தா தோல்வியுற்றது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. பொழுது யாருக்கு உரியது என்ற வினாவை அம்மக்கள் எழுப்பினர். ஆலைச் சங்கு தொழிலாளியின் நாளை முழுவதும் விழுங்குவதற்கு முன்னரே, தம் நாளைத் தாமே வகுத்துக்கொள்ள முயன்றனர். விடையை விண்ணிலே தேடியமை அவர்களது காலத்தின் எல்லை. வினாவோ மண்ணில் எழுந்தது, இன்னும் தீராதது. அதனை மயக்கம் என ஒதுக்கும் ஆய்வாளன், மக்களின் வேட்கையையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றான்.