பாட்டிக்கு மேல்மாடி அறை வேண்டாம்!

2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி. சென்னையில் 45 டிகிரி வெயில் கொளுத்தியது. கத்திரி முடிந்துவிட்டது என்று ஜனங்கள் மூச்சுவிட்ட நேரம் அது!

பகலில் வாங்கிய சூட்டை மொட்டை மாடி இரவில்தான் கக்கும். அதன் அடியில் உள்ள அறை நள்ளிரவிலும் அடுப்படிதான். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கீழ்த்தளத்தில் படுக்க வைக்க வேண்டும். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். செலவும் அதிகமில்லை.

மின்விசிறி இருக்கிறதே என்பார்கள். 40 டிகிரிக்கு மேல் போனால் அது வீசுவது அனல். ஈரத் துணியால் உடம்பைத் துடைப்பதே நல்லது.

“தாகமே இல்லை” என்பார் தாத்தா. நம்பக்கூடாது. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. அடிக்கடி நீர்மோர் கொடுக்க வேண்டும்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் ஆபத்து! உடனே 108-க்குப் போன் செய்து, வண்டி வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மயங்கியவர் வாயில் மட்டும் ஊற்றக்கூடாது.