பயிற்சியாளர் கையில் என்ன மிச்சம்?

ஜெர்மனியில் 2022-ல் முடிவெடுத்து, இரண்டு வருஷம் வெள்ளோட்டம் பார்த்து, 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளின் கால்பந்தை மாற்றிவிட்டார்கள். ஒன்பது வயதுக்குள் என்றால் குட்டி மைதானம், பக்கத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை, பெரும்பாலும் நான்கு குட்டி கோல்கள். புள்ளிப் பட்டியல் கிடையாது.

ஜெயிக்கணும்ங்கிற வெறியே போயிடும் என்று பெரிய தலைகளே கோபப்பட்டார்கள். டார்ட்மண்ட் கிளப்பின் ஹான்ஸ் யோவாகிம் வாட்ஸ்கே 2023-ல் வெளிப்படையாகவே சாடினார். அது சரியாகப் படவில்லை. குட்டி ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணி மேல் மைதானத்துக்குப் போகும், தோற்றது கீழே இறங்கும். பிள்ளைகளுக்கா கணக்கு தெரியாது?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விதி. ஆள் மாற்றுவது முன்கூட்டியே முடிவான வரிசைப்படிதான். யார் ஆடணும், யார் உட்காரணும் என்பது பயிற்சியாளர் கையில் இல்லை. அவர் பெரும்பாலும் வேலை முடிந்து ஓடிவரும் ஒரு அப்பா. சம்பளம்னு பெரிசா எதுவும் இருக்காது. 'நான்தான் கோச்' என்று அவரை உணர வைத்ததே அணியைத் தேர்வு செய்வதும், கோட்டோரம் நின்று கத்துவதும், பட்டியலில் மேலே நிற்பதும்தான். விதியைச் சுற்றறிக்கையில் மாற்றிடலாம். அவர் தன்னை யாராக நினைக்கிறார் என்பதை?

நானும் ஒரு பள்ளி அணியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கிட்டேன். ஒரு பையனை மூன்று ஆட்டம் தொடர்ந்து உட்கார வெச்சேன். மூன்றிலும் ஜெயிச்சோம். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அன்றைக்கு இந்த விதியை யாராவது கொண்டுவந்திருந்தால், முதல் ஆளாக எதிர்த்திருப்பேன்.