பிறந்த மண் என்று டெங்கு விலகி நிற்பதில்லை

மேலை நாடுகளில் பாடசாலை விடுமுறை தொடங்கியதும் புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகள் கொழும்புக்கு வரத் தொடங்குகின்றனர். வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதுக்களை பெறுகின்றன. ஆடிவேல், நல்லூர்த் திருவிழா, உறவினர் திருமணம் எனக் காரணங்கள் பல. மத்திய கிழக்கில் பணிபுரியும் முஸ்லிம் சகோதரர்களும் பெருநாளையொட்டி வீடு திரும்புகின்றனர். ஆண்டிறுதியில் மற்றோர் அலையாக மக்கள் வருகின்றனர்.

இவ்விரு பருவங்களும் டெங்கு பெருகும் பருவங்களோடு பெரும்பாலும் பொருந்தி வருகின்றன. தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையை அடுத்து ஆண்டின் நடுப்பகுதியிலும், வடகீழ் பருவப்பெயர்ச்சியோடு ஆண்டிறுதியிலும் நோய் தலைதூக்குவது வழமை. உல்லாசப் பயணியாக வருபவர் புறப்படுமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுகிறார். எம்மவரோ, "நாம் பிறந்து வளர்ந்த ஊர்தானே, நமக்கென்ன வரப்போகிறது?" என்று எண்ணிப் புறப்படுகின்றனர். டெங்கைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

ஒரு காலத்தில் இந்நாட்டுக்கு வருவோர் அஞ்சியது மலேரியாவுக்கே. 1934-35 ஆம் ஆண்டுகளில் அது பல்லாயிரக்கணக்கான உயிர்களைக் காவுகொண்டது. எனினும் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியாவைத் தடுக்க முற்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரைகள் உண்டு. டெங்குக்கு அத்தகைய மாத்திரை இல்லை. வைரசை அழிக்கும் மருந்தும் நடைமுறையில் இல்லை. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிலேயே, சிறப்பாக அதிகாலையிலும் மாலைப் பொழுதிலும் கடிப்பதால், இரவில் மட்டும் நுளம்பு வலை கட்டுவது போதாது.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் பீடிக்கப்பட்டவருக்கு அவ்வகைக்கு எதிராக நீடித்த எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. ஏனைய மூன்று வகைகளிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களே நிலைக்கும். பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, முன்னைய தொற்றினால் உருவான எதிர்ப்புப் பொருட்களே வைரசு உடற்கலங்களுள் நுழையத் துணைபோகக்கூடும். இதனால் இரண்டாவது தொற்று கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் இரண்டாம் வகை வைரசு மீண்டும் மேலோங்கியபோது, ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாளர்களாகப் பதிவாகினர்.

ஆகவே, இளமையை இங்கு கழித்தவர் என்பது ஒருவருக்குக் கவசமாகாது. கூடுதல் எச்சரிக்கைக்கே அது காரணமாகும். முதல் தொற்று பலருக்கு அறிகுறியின்றியே கடந்துவிடுவதால், "எனக்கு டெங்கு வந்ததேயில்லை" என்பதையும் உறுதியாக நம்புவதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இலும் பிரித்தானியா 2023 இலும் டெங்குத் தடுப்பூசி ஒன்றுக்கு அனுமதி வழங்கின. மூன்று மாத இடைவெளியில் இரு தடவைகள் ஏற்றவேண்டியதாகையால், அது தமக்குப் பொருத்தமானதா என்பதைப் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்னரே வைத்தியரிடம் கேட்டறிவது நன்று.

காய்ச்சல் கண்டால் செய்யத்தகாதது எது என்பதை அறிந்திருப்பது முக்கியம். வெளிநாட்டிலிருந்து வருவோரின் பயணப் பைகளில் இபுபுரூபன் மாத்திரைகள் இருப்பது வழக்கம். டெங்குக் காய்ச்சலின்போது இபுபுரூபன், அஸ்பிரின், டைக்ளோபெனக் போன்றவை இரத்தக் கசிவு ஆபத்தை அதிகரிக்கும். நிறைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் மட்டுமே ஏற்றது. காய்ச்சலின் மூன்றாம் நாளிலேனும் குருதிப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுவது அவசியம். பப்பாசி இலைச்சாற்றை நம்பி நாட்களைக் கடத்தலாகாது.

காய்ச்சல் தணிவதைக் குணமடைந்ததன் அடையாளமாகக் கொள்வது மற்றொரு தவறு. பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையிலேயே குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாட்களே உயிருக்கு ஆபத்தான காலம். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கோ கதிர்காமத்துக்கோ வாகனம் ஏறுவது விபரீதத்தில் முடியலாம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, முரசிலிருந்து இரத்தம் கசிதல், சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி வைத்தியசாலையை நாடவேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவையைப் பெறலாம்.

இளநீர், கஞ்சி, ஜீவனி போன்றவற்றை அருந்தக் கொடுக்கலாம். வாந்தியில் இரத்தம் உண்டா என்பதை மறைத்துவிடுமாதலால் சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்க வேண்டும். நீராகாரம் இன்றியமையாத நாட்களில் விரதம் இருப்பதும் தகாது. நோயாளி நோன்பைப் பிறிதொரு நாளில் நோற்க இஸ்லாம் சலுகை அளித்துள்ளது.

விருந்தினரை வரவேற்கும் நமக்கும் கடமை உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மலசலகூடத் தொட்டி, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, மொட்டைமாடித் தாங்கி ஆகியவற்றை அவர் வருமுன்பே துப்புரவாக்குவோம். வருவோரும் நீளக்கை ஆடை, நுளம்பு விரட்டும் பூச்சு, தனியார் வைத்தியசாலைச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி ஆகியவற்றோடு புறப்படுதல் நலம்.

கடித்த நாளிலிருந்து நோய் தோன்ற இரு வாரங்கள் வரை செல்லலாம். எனவே லண்டனுக்கோ ரொறொன்ரோவுக்கோ திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், "அண்மையில் இலங்கை சென்று வந்தேன்" என்பதை வைத்தியரிடம் முதலிலேயே கூறவேண்டும். அந்நாடுகளின் வைத்தியர்கள் அன்றாடம் காணும் நோயன்று இது. அந்த ஒரு வாக்கியமே உரிய பரிசோதனைக்கு வழிகாட்டி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.