ஒலிவாங்கி முன்பெருக்கியைத் தேர்ந்தெடுத்தல்

ஒலிவாங்கி முன்பெருக்கி (மைக் ப்ரீஆம்ப்) என்பது மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்னலையைப் பதிவுக் கருவி ஏற்கும் அளவுக்கு உயர்த்தும் மின்சுற்று ஆகும். ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கை அடுத்து வருவது இதுவே. இங்கு ஒலி சிதைந்துவிட்டால் பின்னர் முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

எவ்வளவு பெருக்கம் தேவை?

94 டெசிபெல் ஒலியில் ஷூர் எஸ்எம்58 மைக் சுமார் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. நியூமன் யு87 ஏஐ மைக் 28 மில்லிவோல்ட் தருகிறது. கூடக் கருவிகளின் வழக்கமான அளவு சுமார் 1.23 வோல்ட். அதை எட்ட முதல் மைக்கிற்கு ஏறத்தாழ 665 மடங்கும் (56 டெசிபெல்), இரண்டாவதற்கு 44 மடங்கும் (33 டெசிபெல்) பெருக்கம் வேண்டும். எனவே, எந்த மைக், எந்த ஒலி என்று முடிவு செய்த பிறகே முன்பெருக்கியைத் தேட வேண்டும்.

கோயில் இசையில் ஓர் எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் சிறு கூடம் அமைப்பவர் நாகசுரம், தவிலையும் பதிய வேண்டும். ஓதுவாரின் தேவாரத்தையும் பதிய வேண்டும். இரண்டின் தேவைகளும் நேர் எதிரானவை.

நாகசுரமும் தவிலும் திறந்த வெளியில் முழங்குபவை. இவற்றிற்குப் பெருக்கம் குறைவாகவே போதும். ஆனால், உள்ளே வரும் அலையை 10 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் ‘பேட்’ பொத்தான் அவசியம். அது இல்லாவிடில் தவிலின் அடி ஒவ்வொன்றும் உச்சி வெட்டுண்டு கரகரக்கும்.

தனிக்குரலில் தாழ்ந்த சுரத்தில் பாடும் ஓதுவாருக்கு 60 டெசிபெல் வரை பெருக்கமும் குறைந்த இரைச்சலும் தேவை.

கவனிக்க வேண்டியவை

* இரைச்சல்: விவரத்தாளில் ‘இஐஎன்’ என்ற எண்ணைப் பார்க்கவும். 150 ஓம் மைக்கிற்கு இயற்கை எல்லை சுமார் −131 டெசிபெல். −125 முதல் −129 வரை நல்லது.
* மின்வழங்கல்: கண்டன்சர் மைக்கிற்கு 48 வோல்ட் ‘பேண்டம்’ மின்சாரம் தேவை. பழைய ரிப்பன் மைக்குகள் சில இதனால் பழுதாகலாம்.
* உள்ளீட்டு மின்மறுப்பு: மைக்கின் மின்மறுப்பைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்க வேண்டும்.
* ஒலிநிறம்: 1970இல் வந்த நீவ் 1073 போன்றவை தம் மின்மாற்றியால் ஒலிக்குத் தனி நிறம் ஊட்டும். பண்ணிசையை உள்ளபடி ஆவணப்படுத்த நிறமூட்டாத வகையே பொருந்தும்.

முன்பெருக்கியா, அறையா?

30 டெசிபெல் மட்டுமே ஓசையுள்ள அமைதியான அறையில்கூட, எஸ்எம்58 மைக் அவ்வோசையைச் சுமார் 1.2 மைக்ரோவோல்ட்டாக மாற்றும். −128 டெசிபெல் முன்பெருக்கியின் சொந்த இரைச்சலோ சுமார் 0.3 மைக்ரோவோல்ட்தான். மின்விசிறி ஓடும் தெருவோர அறையில் இந்த வேறுபாடு பன்மடங்காகும். முன்பெருக்கி பாட்டையும் விசிறியையும் பிரித்தறியாது. இரண்டையும் ஒன்றாகவே பெருக்கும். ஆகவே, செலவில் முதலிடம் அறைக்கு, அடுத்தது மைக்கிற்கு, அதன் பிறகே விலையுயர்ந்த முன்பெருக்கிக்கு.

பதியும்போது உச்ச அளவு −10 டெசிபெல்லைத் தாண்டாதவாறு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. முதிய ஓதுவார் ஒருவர் இன்று பாடிய பண்ணை அதே குரலில் மறுமுறை பதியும் வாய்ப்பு நமக்குக் கிட்டாமலே போகலாம்.