குளிருக்கு ஒரு தர்பார், கோடைக்கு ஒரு தர்பார்

டெல்லி முனிர்காவில் ஒரு வருஷம் முழுக்கக் குடியிருந்தவர்களுக்கு இந்த இரண்டு தர்பார் ஓவியங்களையும் விளக்க வேண்டியதில்லை. ஜனவரியில் ரஜாய்ப் போர்வையை விட்டு வெளியே வர மனம் வராது. மே மாதம் அதே அறையில் கூலருக்கு முன்னால் பனியனோடு உட்கார்ந்திருப்போம். ஜஜ்ஜார் நவாப் அப்துர் ரஹ்மான் கானின் தர்பாரை ஓவியர் குலாம் அலி கான் 1849 குளிர்காலத்தில் ஒரு தடவையும் 1852 கோடையில் ஒரு தடவையும் வரைந்தார். முதல் படத்தில் எல்லோரும் சால்வையும் கனத்த உடையுமாக இருக்கிறார்கள், அடுத்ததில் மெல்லிய வெள்ளை மஸ்லின். ஜஜ்ஜார் டெல்லிக்கு மேற்கே, இன்றைய ஹரியானாவில் இருக்கிறது.

குலாம் அலி கான் டெல்லிக்காரர். 1817-லேயே செங்கோட்டையின் தனி அவை மண்டபமான திவானி காஸை வரைந்து கையெழுத்திட்டிருக்கிறார். அப்போது மொகலாயப் பேரரசர் ஆங்கிலேயர் கொடுத்த உதவித்தொகையில்தான் காலம் தள்ளினார். அந்த வருமானத்தில் அக்பர் காலத்து ஓவியக்கூடத்தைப் போல ஒன்றை நடத்த முடியாது. அதனால் ஓவியர்கள் வெளியிலும் வேலை எடுத்தார்கள். குலாம் அலி கான் பேரரசருக்கும் வரைந்தார், நவாபுக்கும் வரைந்தார், குதிரைப்படைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்கின்னருக்கும் வரைந்தார். காஷ்மீரி கேட்டில் தேவாலயம் கட்டிய அதே ஸ்கின்னர்தான். அவருடைய படைப்பிரிவு தர்பாரைக் காட்டும் 1827-ஆம் ஆண்டுப் படம் இப்போது லண்டனில் இருக்கிறது. இந்திய ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த இந்த வகைக்குக் கம்பெனி ஓவியம் என்று பெயர். சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூரிலும் ஆங்கிலேயருக்காக இப்படி வரைந்தார்கள், அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கணவன் மனைவி ஜோடி.

குலாம் அலி கானின் படங்களில் இரண்டு கைப்பழக்கங்கள் கலந்திருக்கின்றன. பழைய மொகலாயப் படத்தில் கம்பளத்தை மேலிருந்து பார்த்தது போல விரித்துக் காட்டுவார்கள், அதன்மேல் இருப்பவரைப் பக்கவாட்டில் காட்டுவார்கள். எது எப்படி நன்றாகத் தெரியுமோ அப்படி. ஐரோப்பியப் படத்திலோ பார்க்கிறவரின் கண் ஓரிடத்தில் நிற்கும். தூணும் தரையும் தூரம் போகப் போகச் சிறுத்து, கோடுகள் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். குலாம் அலி கான் கட்டடத்துக்கு இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார். முகம், தாடி, துணி மடிப்பு என்று வரும்போது பழைய மொகலாய நுணுக்கத்தை அவர் விடவில்லை.

தர்பார் படமும் ஓர் உள்ளறைக் காட்சிதான். உள்ளறைக் காட்சி என்றதும் ஐரோப்பாவில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஸ்பெயின் நாட்டு மரியானோ ஃபோர்த்துனி (1838–1874). குலாம் அலி கான் திவானி காஸை வரைந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவர் பிறந்தார். திருமணப் பத்திரத்தில் கையெழுத்திட ஒரு ஜோடி தேவாலய அலுவலகத்துக்கு வரும் அவருடைய 1870 படம் பாரீஸில் 70,000 ஃபிராங்குக்கு விலைபோனது. இரும்புக் கம்பித் தடுப்பு, பட்டின் பளபளப்பு, மூலையில் காத்திருப்பவர்கள், எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்த உடைகள் அவர் காலத்தவை அல்ல, நூறு வருஷத்துக்கு முந்தைய பாணி. வாங்குகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. ஜஜ்ஜார் படத்தில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்தக் குளிரில் நடுங்கியவர்கள். திறமையில் ஃபோர்த்துனி குறைந்தவரல்ல, இருந்தாலும் என் ஓட்டு டெல்லிக்காரருக்குத்தான்.

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் நவாபை டெல்லியில் தூக்கிலிட்டார்கள். செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். 1858-இல் புகைப்படக்காரர் ஃபெலிச்சே பியாட்டோ கேமராவோடு டெல்லிக்கு வந்தார். அதன் பிறகு கட்டடத்தையும் மனிதரையும் அப்படியே பதிய ஓவியரைத் தேடும் வழக்கம் வேகமாகக் குறைந்தது.

ஜஜ்ஜார் படங்களும் லண்டனில்தான், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. திவானி காஸ் மட்டும் இங்கேயே நிற்கிறது. முனிர்காவில் மெட்ரோவின் மெஜந்தா லைனில் ஏறி, கல்காஜி மந்திரில் வயலட் லைனுக்கு மாறினால் லால் கிலா (செங்கோட்டை) நிலையம் வரும். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை.