கோணிய ஹேண்டில்பார்: வளைந்ததா, நழுவியதா?

நின்ற இடத்திலேயே பைக் சரிந்து விழுகிறது. தூக்கி நிறுத்தி ஓட்டினால் வண்டி நேராகத்தான் போகிறது. ஹேண்டில்பார் மட்டும் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. ‘ஃபோர்க் பெண்ட் ஆகிவிட்டது’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை முறுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் இப்படிச் சாதாரணமாக விழும்போது பெரும்பாலும் இரும்பு எதுவும் வளைவதில்லை.

ஸ்பிரிங்கும் எண்ணெயும் கொண்ட இன்றைய டெலஸ்கோப்பிக் ஃபோர்க், 1935இல் பிஎம்டபிள்யூ ஆர்12 வண்டியில் விற்பனைக்கு வந்த அமைப்பின் வழிவந்தது. இதில் இரண்டு குழாய்கள். அவற்றை மேலே இரண்டு கிளாம்ப்களும் கீழே சக்கரத்தின் ஆக்சிலும் இணைக்கின்றன. கிளாம்ப் துளைக்குள் குழாய் வெல்டிங் செய்யப்படவில்லை. போல்ட்டை இறுக்கும்போது துளை குறுகிக் குழாயைக் கவ்விக்கொள்கிறது. அதாவது, குழாயைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு விசை.

ஹேண்டில்பார் ஒரு நீளமான நெம்புகோல். அதன் முனை தரையில் மோதும்போது நடுவில் பெரிய திருப்புவிசை உண்டாகிறது. சக்கரம் எங்காவது முட்டி நின்றுவிட்டால் அந்த விசை உராய்வை வென்றுவிடும். மேல் கிளாம்ப் சற்றே திரும்ப, குழாய்கள் துளைக்குள் நழுவுகின்றன. மோதல் முடிந்ததும் அதே உராய்வு, கோணிய நிலையிலேயே அவற்றை மறுபடி கவ்விக்கொள்கிறது. இரண்டு குழாய்களும் இப்போது இணையாக இல்லை; ஒன்று சற்று முன்னே, மற்றது சற்றுப் பின்னே சாய்ந்திருக்கும்.

எஃகு மீள் எல்லைக்குள் வளைந்தால் தானே நிமிரும். எல்லை தாண்டினால் அப்படியே தங்கிவிடும். நழுவல் இந்த இரண்டிலும் சேராது. அதனால் இதற்குப் பலம் வேண்டாம், பிடியைத் தளர்த்தினால் போதும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எடை முன்பக்கம் இறங்கினால் தளர்ந்த கிளாம்புக்குள் குழாய் மேலேறிவிடும், கவனம். ஆக்சில் நட்டு, மட்கார்டு போல்ட்கள், இரண்டு கிளாம்ப்களின் போல்ட்கள், நடுவிலுள்ள ஸ்டெம் நட்டு ஆகியவற்றைச் சற்றே தளர்த்துங்கள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நேராக்குங்கள். இரண்டு குழாய்களின் மேல்முனையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கீழ் கிளாம்ப், ஸ்டெம் நட்டு, மேல் கிளாம்ப் என்ற வரிசையில் இறுக்குங்கள். பிறகு ஆக்சில் நட்டு. ஆக்சிலைக் கவ்வும் பக்கவாட்டு போல்ட் இருந்தால், முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைச் சில முறை அமுக்கி எடுத்த பிறகே அதை இறுக்க வேண்டும். குழாய்கள் தமக்கான இடத்தில் அமர இது உதவும். இறுக்க அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை.

சரியானதா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. கீழ் கிளாம்புக்கு அடியில், இரண்டு குழாய்களின் மீதும் படும்படி ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை வையுங்கள். ஆடாமல் படிந்தால் குழாய்கள் இணையாக உள்ளன. ஆடினால் முறுக்கு இன்னும் மீதமிருக்கிறது. தளர்த்தி இறுக்கிய பிறகும் ஆடினால் வளைவைச் சந்தேகிக்க வேண்டும்.

இதை அலட்சியப்படுத்தக் கூடாது. இணையாக இல்லாத குழாய்கள் ஏறி இறங்கும்போது சிக்கிச் சிக்கி நகரும். புஷ்களும் ஆயில் சீலும் சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் இருக்கும். டிரெயில் எனப்படும் இந்த இடைவெளி பல வண்டிகளில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் போகும் திசையில் தானே திரும்பிக்கொள்வதும் இதே தத்துவத்தால்தான். பைக்கின் நேரோட்டத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஃபோர்க் உண்மையிலேயே வளைந்தால் இந்த அளவும் மாறிவிடும்.

வளைந்த குழாயை ‘பெண்ட் எடுத்து’ மாட்டுவது செலவைக் குறைக்கலாம். ஆனால் எல்லை தாண்டி வளைந்து மறுபடி நிமிர்த்தப்பட்ட உலோகம் பழைய உலோகம் அல்ல. மேலுள்ள குரோம் பூச்சிலும் விரிசல் விழலாம். நழுவியதை நேராக்குங்கள், வளைந்ததை மாற்றுங்கள்.